தாடைக்கட்டைக்கு அடியில்

வயலின் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டை உரிக்க எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஈரத்துணி வைத்துப் பார்த்தேன், வெந்நீர் வைத்துப் பார்த்தேன், கடைசியில் நகத்தாலேயே சுரண்டி எடுத்தேன். ஆள்காட்டி விரல் நகம் ஒடிந்தது. துணிந்தவளுக்குத் துக்கமில்லை என்று சொல்லிக்கொண்டேன். மூன்று மணிக்கு அதை வாங்குகிறவர்கள் வருவதாக ஏற்பாடு. கடிகாரம் இரண்டரையைக் காட்டியது.

"பெட்டிக்குள்ள ஒரு பை இருக்குமே, அதைப் பார்த்தியா?" என்று பின்னறையிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "அதுல ஏதாவது காகிதம் வச்சிருப்பான்."

பார்த்தேன். வைத்திருந்தான். எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி, பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று பளபளப்பான தாளில் அச்சடித்திருந்தது. நாலாகக் கிழித்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கடைக் குப்பைக்கூடையில் போடக்கூடப் பயமாக இருந்தது.

யார் யாருக்குப் பயப்படுவது என்று ஒரு கணக்கு இருக்கிறதல்லவா? பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, கண்ணாடிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் என் இசைக்கருவிக் கடையில், இத்தனை வருஷமாக மற்றவர்கள்தான் எனக்குப் பயந்தார்கள். அரை மணி நேரம் கிட்டாரை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, எந்தத் தந்தி நல்லது, எந்த அளவு கைக்குச் சரி என்று எல்லாவற்றையும் என்னிடமே கேட்டுக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டு வர்றேங்க" என்று எழுந்து போவார்கள். வீட்டில் யாரையும் கேட்க மாட்டார்கள். நேரே பார்சல் கம்பெனிக்குப் போன் போடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை தலையணை கனத்துக்கு ஒரு பட்டியல் புத்தகத்தை வீடு வீடாக அனுப்புகிறானே, அந்தக் கம்பெனி. என் விலையில் முக்கால் விலைக்குத் தருவான். நாலு நாளில் வாசலுக்கு வந்துவிடும்.

அப்படிப் போனவர்களை நான் சும்மா விட்டதில்லை. மூன்று மாதம் கழித்துத் தந்தி அறுந்து என்னிடமே வருவார்களே, அப்போது நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்பேன். "ஏன், பார்சல்காரன் தந்தி மாட்டித் தர மாட்டானா? கூப்பிடுங்களேன், வரட்டும்." எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது கடையைவிட நீளம் என்பார் என் வீட்டுக்காரர்.

அப்படிப்பட்ட நான்தான் அன்றைக்கு நகம் ஒடியச் சீட்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அடுத்த தெருவில் மாடியில் வயலின் வகுப்பு நடத்துகிறவர். நாற்பது பிள்ளைகள் இருக்கும். பதினோரு வருஷமாக அந்த நாற்பதையும் என் கடைக்குத்தான் அனுப்புகிறார். ஒரு துண்டுச் சீட்டில் எந்த ரகம், என்ன அளவு என்று எழுதிக் கொடுப்பார். அதைக் கொண்டுவந்து வாங்குவார்கள். கமிஷன் என்று நான் ஒரு தடவை வாயெடுத்ததற்கு எழுந்தே போய்விட்டார். தன் வகுப்புக் கதவில் கொட்டை எழுத்தில் ஒரு அட்டை எழுதி மாட்டியிருந்தார். அதேபோல் இன்னொன்றை எழுதி என் கடைச் சுவரிலும் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார்: தொட்டுப் பார்க்காமல் வாங்கிய கருவி இந்த வகுப்புக்குள் வரக்கூடாது.

உண்மையைச் சொன்னால் அந்த அட்டைதான் என் கடை. அது கீழே இறங்கினால் ஷட்டரும் கீழே இறங்க வேண்டியதுதான்.

மாஸ்டருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த வயலினிலும் ஏதோ ஓரிடத்தில் விரல் வைத்தால் சுரம் ஒழுங்காக வராது, உள்ளுக்குள் உறுமும். அது மரத்தின் குணம். விலை கூடின வயலினிலும் உண்டு, குறைந்ததிலும் உண்டு. அதற்கு மாஸ்டர் வைத்த பெயர் நாய். தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டுக்கு எங்கள் தொழிலில் குதிரை என்று பெயர். "குதிரை மேல நிக்குது, நாய் உள்ள படுத்திருக்கு. எங்க படுத்திருக்குன்னு தெரிஞ்சா மிதிக்காம தாண்டிப் போகலாம்" என்பார். ஒவ்வொரு பிள்ளை வயலின் வாங்கும்போதும் என் கடைக்கே வந்து, வாசித்து, நாய் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். பிறகு தாடை வைக்கும் கட்டையைக் கழற்றி, அதற்கு அடியில் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் பென்சிலால் 'நா' என்று எழுதி, பக்கத்தில் எந்தத் தந்தி என்று எண்ணும் போடுவார். பென்சில் கொண்டு வருவது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. பிள்ளைகளுக்கு வயலினைவிட அந்த எழுத்தின் மேல்தான் ஆசை. "என் நாய் மூணாவது தந்தி, உன் நாய்?" என்று பேசிக்கொள்வார்கள்.

அன்றைக்கு வரவிருந்தது டிரைவரம்மாவும் அவள் மகளும். டிரைவரம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். எதிர் நிறுத்தத்தில்தான் அவள் வண்டி நின்று போகும். மகளுக்குப் பதின்மூன்று வயது; சின்ன அளவு வயலின் கைக்குப் பத்தாமல் போய்விட்டது. சனிக்கிழமை இசைப்பள்ளியில் இலவச இடத்துக்குத் தேர்வு. முழு அளவு வயலின் இல்லாமல் அங்கே உள்ளேயே விடமாட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் டிரைவரம்மா காக்கிச் சட்டையோடு வந்து, மாஸ்டரின் சீட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு, பையிலிருந்து பார்சல் கம்பெனியின் பட்டியலை எடுத்தாள். பக்கத்தை மடித்து வைத்திருந்தாள்.

"அக்கா, கோபப்படாதீங்க. இதே ரகம் இதுல குறைச்சலா இருக்கு. மாஸ்டர் கூடாதுங்கறார். எனக்கு இது ஒண்ணும் புரியாது, வண்டி ஓட்டத்தான் தெரியும். நீங்களே சொல்லுங்க, நான் எங்க வாங்கணும்?"

இப்படி முகத்துக்கு நேரே கேட்டவர்கள் அதுவரை யாருமில்லை. நான் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். ஆனால் வழக்கமான பாட்டைப் பாடினேன். "கண்ணால பார்க்காம, கையால தொடாம வாங்குறது வயலினா, வெங்காயமா? பெட்டில என்ன வரும்னு அவனுக்கே தெரியாது தங்கச்சி. என்கிட்ட வாங்கினா நான் பொறுப்பு. எங்கேருந்து வந்துச்சு, யார் கை பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும்."

அவள் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தாள். "நீங்க சொன்னா சரிக்கா" என்றாள். அன்றிலிருந்து வண்டி கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சின்ன ஹாரன் அடிப்பாள். நானும் கையைத் தூக்குவேன்.

அதற்குப் பிறகுதான் மொத்த வியாபாரி கையை விரித்தான். இனிமேல் இருபது வயலினுக்குக் குறையாமல் எடுத்தால்தான் அனுப்புவானாம். "ஒண்ணு ரெண்டெல்லாம் கட்டுப்படியாகலம்மா" என்று போனை வைத்துவிட்டான். இருபது வயலினை வாங்கி நான் எங்கே வைப்பேன், தலைமேலா? வேறு இரண்டு இடங்களில் கேட்டேன். ஒருவனிடம் அந்த ரகமில்லை. இன்னொருவன் அடுத்த மாதம் என்றான். தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. டிரைவரம்மாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பார்சல் கம்பெனிக்குப் போவாள், மாஸ்டருக்குத் தெரியும், கடையில் சரக்கே வருவதில்லையாம் என்று நாற்பது வீட்டுக்கும் தெரியும். நானே பார்சல் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"முழு அளவுல அந்த ரகம் கடைசி ஒண்ணுதான் இருக்கு மேடம். லக்கி நீங்க" என்றாள் போனில் ஒரு பெண்.

திங்கட்கிழமை வந்தது. வீட்டுக்காரர் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். வந்த தந்தி தகரம் போலிருந்ததால், ஒவ்வொன்றாகக் கழற்றி நல்ல தந்தி போட்டார். முறுக்கும் ஆணிகள் வழுக்கின, இழைத்துச் சரிசெய்தார். உள்ளே நிற்கும் குச்சியை ஒரு நெல்லளவு நகர்த்தினார். ஆனால் குதிரையைப் பார்த்துவிட்டு மட்டும் தலையைச் சொறிந்தார்.

"பார்சல்ல வர்றதுல குதிரை மொட்டையா, கட்டை மாதிரி இருக்கும். இது அழகா செதுக்கியிருக்கு. யாரோ தெரிஞ்சவன் கை வச்ச குதிரை இது."

"கம்பெனிக்காரனுக்கு நல்ல புத்தி வந்திருக்கும். நீங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மூன்று பேரும் வந்தார்கள். மாஸ்டர் முன்னால், அவர் பின்னால் அம்மாவும் மகளும். டிரைவரம்மா காக்கியில்தான் இருந்தாள். "நாலு மணிக்கு வண்டி எடுக்கணும்கா, அதுக்குள்ள முடிச்சிடலாமா?" என்றாள். மகள் ஒரு கையில் புதுப் பென்சிலைப் பிடித்திருந்தாள். நுனி ஊசி மாதிரி இருந்தது.

நான் பெட்டியைத் திறந்து கவுண்டரில் வைத்தேன். உரித்த இடத்தின் பசை துணியோடு ஒட்டி ஒரு சத்தம் வந்தது. என் காதுக்கு அது வெடிச் சத்தம். மற்ற யாரும் கவனிக்கவில்லை.

மாஸ்டர் வயலினைக் கையில் எடுத்தார். எடுத்தவர் உடனே வாசிக்கவில்லை. திருப்பி முதுகைப் பார்த்தார். மறுபடி முன்னால் திருப்பிக் குதிரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்குக் குறுகுறுக்கவில்லை, இடித்தது.

பிறகு வாசித்தார். ஒன்று, இரண்டு, மூன்று தந்தி. தொனி நன்றாக இருந்தது. என் வீட்டுக்காரர் பின்னறை வாசலில் அரத்தோடு வந்து நின்று தலையாட்டினார். வில் நாலாவது தந்திக்குப் போனது. விரல்கள் கீழிருந்து மேலே ஏறின. வழக்கமாக நாய் எங்கே என்று ஒவ்வொரு படியாகத் தட்டித் தேடிக்கொண்டு போவார். அன்றைக்குத் தேடவேயில்லை. மேலே ஏறிக்கொண்டிருந்தவர் ஓரிடத்துக்கு ஒரு விரல் முன்னாலேயே சட்டென்று வில்லைத் தூக்கிவிட்டார்.

"இது எங்கேருந்து வந்ததும்மா?"

"வழக்கமான இடம்தான் மாஸ்டர்."

"எப்போ?"

"போன வாரம்." கேட்டதற்கு மேல் எதுவும் பேசிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் வயலினைப் பெட்டிக்குள் வைத்தார். "நல்ல வயலின். எடுத்துக்கிட்டுப் போகலாம்" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை.

"மாஸ்டர், நாய்?" என்றாள் மகள்.

"அதுக்கென்ன அவசரம். சனிக்கிழமை முடியட்டும்."

"எல்லாருக்கும் இங்கேயே எழுதிக் கொடுத்தீங்களே..." அவள் முகம் விழுந்துவிட்டது.

"எழுதிக் குடுத்துடுங்க மாஸ்டர்" என்றாள் டிரைவரம்மா. "நேத்துலேர்ந்து அந்தப் பென்சிலைச் சீவிச் சீவிப் பாதியாக்கிட்டா."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அதனால்தான் எழுத மறுக்கிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அந்த எழுத்து விழுந்துவிட்டால் போதும். முத்திரை குத்தின மாதிரி. அப்புறம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இப்படி நினைத்துக்கொண்டு இழுப்பறையிலிருந்து தாடைக்கட்டையைக் கழற்றும் சின்னச் சாவியை எடுத்தேன்.

"நானே கழட்டித் தர்றேன் மாஸ்டர், நீங்க எழுத மட்டும் செய்யுங்க."

"வேண்டாம்மா" என்றார். கை நீட்டித் தடுக்கவும் வந்தார். அதற்குள் நான் இரண்டு சுற்றுத் திருகியாகிவிட்டது. என் கையாலேயே, சிரித்துக்கொண்டே, தாடைக்கட்டையைத் தூக்கினேன். கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்று சொன்னவன் என்னைப் போல ஒருத்தியைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பான்.

மகள் பென்சிலோடு குனிந்தாள்.

"அட, ஏற்கெனவே எழுதியிருக்கே! அம்மா, பாரு. 'நா', நாலு. மாஸ்டர் எழுத்து!"

நானும் பார்த்தேன். சந்தேகமே இல்லை. 'நா'வின் காலை இழுத்துக் கடைசியில் வால் போல ஒரு சுழி சுழிப்பார். பதினோரு வருஷமாகப் பார்க்கிற எழுத்து. அந்தச் சுழி அங்கே இருந்தது.

வெளியே ஒரு வண்டி நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது.

டிரைவரம்மாதான் முதலில் பேசினாள். கத்தவில்லை. "புதுசுன்னு சொன்னீங்களேக்கா. யாரோ பிள்ளைங்க வச்சிருந்ததா இது?"

ஆமாம் என்றாலும் போச்சு, இல்லை என்றாலும் போச்சு. என்ன நடந்திருக்கிறது என்பதே எனக்கு அந்த நொடியில் விளங்கவில்லை. மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"பழசெல்லாம் இல்லம்மா. நான்தான் எழுதினேன். போன வாரம் இந்தப் பக்கமா வந்தப்ப கடைல வச்சு வாசிச்சுப் பார்த்தேன். அப்போ எழுதினது. மறந்தே போயிட்டேன்." சொல்லிவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "இல்லையாம்மா?"

போன வாரம் மாஸ்டர் என் கடைப்படி ஏறவேயில்லை. போன வாரம் இந்த வயலினும் என் கடையில் இல்லை. பார்சல் கம்பெனியின் கிடங்கில் கடைசி ஒன்றாகக் கிடந்தது. அப்படியானால் இவர் இதை எங்கே வைத்து எழுதினார்?

அப்புறம்தான் உறைத்தது. பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். யாரோ தெரிஞ்சவன் கை வச்ச குதிரை. கடைசி ஒண்ணுதான் இருக்கு மேடம்.

இந்த மனுஷன் வாங்கியிருக்கிறார். பார்சல் கம்பெனியிலிருந்து, இதே வயலினை. வீட்டில் வைத்து வாசித்து, கை சும்மா இருக்காமல் குதிரையைச் செதுக்கி, பழக்கதோஷத்தில் நாயையும் எழுதிவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதை நான் வாங்கி, சீட்டை உரித்து, அவர் முன்னாலேயே வைத்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! என் தப்பு முழுசாக மறந்தே போயிற்று. ஊருக்கு உபதேசம் பண்ணி அட்டை எழுதி மாட்டின ஆள்! இந்த அட்டைக்காக எத்தனை பேர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்னிடம் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள்! அட்டையைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் என்ன சொல்லிக் கொடுப்பேன்? எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. அவருக்கும் அதே கதிதான். இது பார்சல் வயலின் என்று அவர் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். திருடனைத் தேள் கொட்டினால் கத்த முடியாது. இங்கே கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருவர், ஒரே தேள்.

அவர் பொய்யை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டால் போதும். கடை பிழைக்கும், வகுப்பு பிழைக்கும், பெண் வயலினோடு போவாள். ஒரே ஒரு 'ஆமாம்'.

டிரைவரம்மா மாஸ்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அப்படியாக்கா? நீங்க சொன்னா சரி."

இதைத்தான் மூன்று வாரத்துக்கு முன்னாலும் சொன்னாள். அன்றைக்கு இது எனக்கு இனித்தது. இன்றைக்குக் கசந்தது. பின்னறை வாசலில் என் வீட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டது.

"இல்ல" என்றேன்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாஸ்டர் போன வாரம் வரல. இந்த வயலின் திங்கட்கிழமைதான் வந்துச்சு. நீ பட்டியல்ல மடிச்சு வச்சிருந்தியே தங்கச்சி, அதே கம்பெனி. நான்தான் போன் போட்டு வாங்கினேன். மொத்த வியாபாரி எனக்குச் சரக்கு குடுக்கறதை நிறுத்திட்டான். உன்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டுச் சொல்லல. பெட்டியில சீட்டு ஒட்டியிருந்தது, அதை நான் உரிச்சுட்டேன்." ஒடிந்த நகத்தைக் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "சரி. அப்போ மாஸ்டர் எழுத்து எப்படி இதுல வந்துச்சு?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் துடித்தது, பொய் சொல்வானேன். ஆனால் அது என் பங்கு இல்லை. மாஸ்டர் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் பென்சிலோடு அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"என் பொண்ணுக்கு வாங்கினேன்" என்றார். "அவளோட பழைய வயலின் வெடிச்சுப்போச்சு. அந்த மாசம் கொஞ்சம் பணமுடை. இங்க வந்து குறைச்சுக் குடுன்னு கேட்க மானம் இடம் கொடுக்கல. யாருக்கும் தெரியாதுன்னு போன் போட்டேன்."

"நல்லா இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டீங்களா மாஸ்டர்?" என்றாள் டிரைவரம்மாவின் மகள்.

அவர் இல்லையென்று தலையை அசைத்தார். "நல்லா இருந்துச்சும்மா. நல்லா இருந்ததாலதான் திருப்பி அனுப்பினேன்."

அவருக்குப் பின்னால் சுவரில் அந்த அட்டை தொங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் அந்த நேரத்திலும், "நான்தான் அப்பவே சொன்னேனே, தெரிஞ்சவன் கை வச்ச குதிரைன்னு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கினேன்.

டிரைவரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேமுக்கால். கவுண்டருக்கு நேர் எதிரே வந்து நின்றாள், மூன்று வாரத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில்.

"அன்னைக்கு இங்க நின்னு உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்காக்கா?"

"இருக்கு."

"இப்போ சொல்லுங்க. நான் எங்க வாங்கியிருக்கணும்?"

வழக்கமான பாட்டு நாக்கு நுனி வரை வந்து அப்படியே திரும்பிப் போனது. "அங்கேயே வாங்கியிருக்கலாம்" என்றேன். "வயலின் அதே வயலின்தான். ஆனா பெட்டியில வந்தபடியே வாசிச்சிருந்தா சனிக்கிழமை மானம் போயிருக்கும். தந்தி மாத்தி, ஆணி இழைச்சு, உள்குச்சி நகர்த்தி, இவர் ரெண்டு நாள் உட்கார்ந்தார். எங்ககிட்ட இருக்கறது அவ்வளவுதான். அந்தக் கை வேலைதான். மத்ததெல்லாம் சும்மா நான் பேசினது."

அவள் மெல்லத் தலையாட்டினாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்கே கேட்ட விலையைச் சந்தோஷமா குடுத்திருப்பேனேக்கா."

"அம்மா, அப்போ இந்த வயலின் வேணாமா?" என்றாள் மகள்.

"ஏன் வேணாம்? அது என்ன தப்பு பண்ணுச்சு? எடுத்துக்கோ."

நான் அவசரமாக, "கம்பெனி விலையை மட்டும் குடு தங்கச்சி, மீதி எனக்கு வேணாம்" என்றேன். கெஞ்சின மாதிரிதான் இருந்திருக்கும்.

அவள் பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் பேசின தொகை, முழுசாக. "பேசின விலை பேசினதுதான்" என்றாள். "நான் பேச்சு மாறுறவ இல்ல."

என் வாய்க்கு வாய் கொடுத்தவர்கள் உண்டு. கடை வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. முழு விலையைக் கொடுத்து என்னை யாரும் அடித்ததில்லை.

மகள் தாடைக்கட்டையைத் தானே எடுத்துப் பொருத்தித் திருகினாள். எழுத்தை அழிக்கவில்லை. போகும்போது மாஸ்டரிடம், "சனிக்கிழமை வருவீங்கல்ல?" என்றாள். "வர்றேம்மா" என்றார் அவர். டிரைவரம்மா அதற்குள் படி இறங்கிவிட்டாள்.

மாஸ்டரும் நானும் கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நின்றோம். உறை நடுவில் கிடந்தது. "எடுத்து வைங்கம்மா" என்றார். "உங்க குதிரைக்கும் அதுல பங்கு இருக்கு, நீங்க எடுத்து வைங்க" என்றேன். கோபத்தில் சொல்ல நினைத்தது, கோபமில்லாமல் வந்தது. இருவரும் தொடவில்லை.

நாலு அடித்துக் கொஞ்ச நேரத்தில் எதிர் நிறுத்தத்தில் அவள் வண்டி வந்து நின்றது. நான் கதவருகே போனேன். ஸ்டியரிங்கில் அவள் இருந்தாள். முதல் இருக்கையில் மகள், மடியில் பெட்டி. ஆட்கள் ஏறினார்கள், கதவு மூடியது, வண்டி நகர்ந்து என் கடையைத் தாண்டியது. என் கை பழக்கதோஷத்தில் பாதி வரை உயர்ந்திருந்தது.

ஹாரன் சத்தம் வரவில்லை. உள்ளே திரும்பினால் மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.